கிண்ணம் கடைய கனமான லேத்: கடன் வாங்கலாமா?

கேள்வி: பத்து ஆண்டுகளாகத் தச்சுப்பட்டறை நடத்துகிறேன், வயது 41. ஈரம் காயாத பச்சை மரத்தில் 14 அங்குலக் கிண்ணங்கள் கடைந்து விற்க எண்ணுகிறேன். கனமான லேத் (கடைசல் இயந்திரம்) 2.4 லட்சம் ரூபாய், இலகுவானது 70,000 ரூபாய். சேமிப்பு 1.5 லட்சம். எதை வாங்கலாம்?

பதில்: கனமானதையே வாங்குங்கள், ஆனால் சேமிப்பு முழுவதையும் அதில் போட்டுவிடாதீர்கள்.

ஒரு பக்கம் ஈரம் கோத்த வெள்ளையும் (வெளிமரம்) மறுபக்கம் வைரமுமாக (உள்மரம்) இருக்கும் கட்டை, வட்டம் வரும்வரை ஒருபுறமாகவே இழுக்கும். விட்டத்தின் அங்குலத்தையும் நிமிடச் சுற்றுகளையும் பெருக்கினால் 6,000 முதல் 9,000 வரை வரவேண்டும் என்பது கடைசல்காரர்களின் கணக்கு. 14 அங்குலத்துக்கு அது சுமார் 430 முதல் 640 சுற்று. தொடக்கத்தில் அதற்கும் கீழே போக வேண்டும். குறைந்த வேகமே 500 சுற்றாக உள்ள இலகுவான லேத்தில் இவ்வேலை ஆபத்தானது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியுள்ள 2 குதிரைத்திறன் லேத் ஒற்றை முனை மின்சாரத்திலேயே ஓடுமா என்று கேளுங்கள். ஓடுமானால் மும்முனை இணைப்புச் செலவு மிஞ்சும்.

நான் அஞ்சுவது விலைக்கு அல்ல, காத்திருப்புக்கு. பச்சைக் கட்டையை ஒன்றரை அங்குலக் கனத்தில் முதற்கடைசல் செய்து, அடியில் பென்சிலால் தேதியும் எடையும் குறித்து அடுக்கிவைத்தால், எடை இறங்குவது நின்று இறுதிக் கடைசலுக்கு வர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். வங்கித் தவணையோ அடுத்த மாதமே தொடங்கிவிடும்.

கட்டையைப் பிடிக்கும் சக், கிண்ண உளிகள், சாணை இயந்திரம் ஆகியவற்றுக்கு 50,000 சேர்த்தால் மொத்தம் 2.9 லட்சம். இதில் 90,000 மட்டும் கைப்பணமாகப் போட்டு, 2 லட்சம் கடன் வாங்குங்கள். 10 சதவீத வட்டியில் மூன்றாண்டுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 6,450 ரூபாய். மீதமுள்ள 60,000 ஒன்பது மாதத் தவணையைத் தாங்கும். அதைத் தொடாதீர்கள். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் உண்டு; உங்களுக்குப் பொருந்துமா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு, கடன் ஒப்புதல் வந்தபின் இயந்திரத்துக்குப் பணம் கட்டுங்கள்.

முன்பணம் கொடுக்குமுன் உங்கள் கட்டை ஒன்றையே கடைக்குக் கொண்டுபோய், உங்கள் கண்முன் கடைந்து காட்டச் சொல்லுங்கள்.