துள்ளுகிறதா? அப்படியென்றால் அது ராமபாணம் இல்லை

கேள்வி: வீட்டின் பின்புறம் பாசி பிடித்த பழைய கருங்கல் மதில் இருக்கிறது. ராத்திரியில் டார்ச் அடித்தால் ராமபாணப் பூச்சி மாதிரி நிறைய ஓடுகின்றன, தொட்டால் துள்ளுகின்றன. மழை நாளில் ஒன்றிரண்டு வீட்டுக்குள்ளும் வருகின்றன. புத்தகங்களை அரித்துவிடுமா? மருந்து அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். புத்தகம் அரிக்கும் ராமபாணம் ஓடி ஒளியுமே தவிர, இப்படித் துள்ளாது. நீங்கள் பார்ப்பது அதன் தூரத்துச் சொந்தம். தமிழில் இதற்குப் புழக்கத்தில் பெயர் இல்லை; அறிவியலில் ஆர்க்கியோக்னாத்தா, அதாவது 'பழந்தாடை' இனம். வயிற்றைச் சட்டென்று தரையில் அடித்துத்தான் எகிறுகிறது.

சந்தேகமிருந்தால் ஒன்றைக் கண்ணாடி டம்ளரால் மூடிப் பக்கவாட்டில் பாருங்கள். முதுகு கூன் விழுந்திருக்கும். பெரிய கண்கள் இரண்டும் உச்சந்தலையில் ஒட்டி நிற்கும். மூன்று வால்களில் நடுவாலே நீளம். ராமபாணமோ தட்டை, கண்ணும் சின்னது.

இதன் தாடை தலையோடு ஒரே மூட்டில்தான் இணைந்திருக்கிறது, ராமபாணத்துக்கு இரண்டு. பாசி, கல்பாசி, மக்கிய இலை இவற்றைச் சுரண்டித் தின்பதுதான் இதன் பிழைப்பு. உடம்பு சீக்கிரம் உலர்ந்துவிடும் என்பதால் ஈரம் இல்லாமல் முடியாது. வயிற்றடியில் உள்ள குட்டிப் பைகளை வெளியே நீட்டி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். உங்கள் புத்தக அலமாரியில் அதற்கு என்ன கிடைக்கும்?

மதில் இதற்கு இன்னொரு விதத்திலும் முக்கியம். வளர்ந்த பிறகும் ஆயுள் முழுக்கத் தோல் உரிக்கும் பூச்சி இது. உரிப்பதற்கு முன் தன் கழிவையே பசையாக்கி உடம்பைக் கல்லில் ஒட்டிக்கொள்ளும். பிடி நழுவினால் பழைய தோலிலிருந்து வெளியே வர முடியாமல் செத்துப்போகும். 35 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாறைகளில் இவற்றின் புதைபடிவம் கிடைத்திருக்கிறது. அவ்வளவு பழைய குடும்பத்துக்கு இப்படியொரு கண்டம்!

சரி, செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பின்கதவின் அடி இடுக்கை அடையுங்கள். சுவரோரம் குவிந்த சருகையும் விறகையும் தள்ளிப் போடுங்கள். மதிலைச் சுரண்ட வேண்டாம். புத்தகத்தில் உண்மையிலேயே அரிப்பு இருந்தால் அது வேறு பூச்சியின் வேலை, அதைத் தனியாகத் தேடுங்கள். உள்ளே வந்துவிட்டதை விரலால் பிடிக்கப் போனால் பூச்சி எகிறிவிடும், செதில் பொடிதான் விரலில் ஒட்டும். டம்ளருக்கு அடியில் ஒரு அட்டையைச் செருகி, அப்படியே மதிலோரம் விட்டுவிடுங்கள்.