சிங்கம் யாருக்காகக் கர்ஜிக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் அலுவலகத்தில் போன வாரம் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. காட்டு விலங்குகளிடமிருந்து பேச்சுக்கலையைக் கற்பது என்பது தலைப்பு. சிங்கத்தைப் போல அதிகாரத்தோடு பேசு, யானையைப் போல ஆழமாகப் பேசு என்று ஒவ்வொரு விலங்கின் குரலையும் திரையில் போட்டுக் காட்டினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்குக் கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். நான் சொல்வது அவர்களிடம் போய்ச் சேர்வதில்லை என்பதுதான் என் பிரச்சினை. கர்ஜித்தால் அது தீர்ந்துவிடும் என்று தோன்றவில்லை. விலங்குகளின் குரலிலிருந்து கற்றுக்கொள்ள உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, இல்லை இதெல்லாம் வெறும் வியாபாரமா? இன்னொன்று, என் மகள் கேட்கச் சொன்னது: விலங்குகள் பொய் சொல்லுமா?

அன்புடன்,
கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

வியாபாரம் பாதி இருக்கும், அது போகட்டும். அந்த வகுப்பில் எனக்குப் படுகிற குறை வேறு. நீங்கள் சொல்கிற விலங்குகள் எல்லாமே பேசிக்கொண்டிருக்கின்றன. கேட்கிற விலங்கு ஒன்றுகூட இல்லை. காட்டுக் குரல்களைப் பற்றி நடந்திருக்கும் நல்ல ஆய்வுகளைப் படித்தால், சுவாரசியமான சங்கதியெல்லாம் கேட்கிறவர் பக்கம்தான் நடக்கிறது.

முதலில் யானை. யானைகளின் பேச்சில் ஒரு பகுதி 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே, மனிதக் காதுக்கு எட்டாத இடத்தில் நடக்கிறது. 1984-இல் விலங்குகளின் குரலை ஆராயும் கேட்டி பெய்ன், அமெரிக்காவின் போர்ட்லாண்ட் விலங்குக்காட்சி சாலையில் யானைகளின் பக்கத்தில் இருந்தபோது காற்றில் ஏதோ அதிர்வதை உடம்பில் உணர்ந்தார். பிறகு கருவிகளை வைத்துப் பதிவு செய்தபோதுதான் அது குரல் என்று தெரியவந்தது. அத்தனை ஆழமாகப் பேசினால் உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் காது கேட்காது.

சிங்கத்தின் கர்ஜனை சுமார் 8 கிலோமீட்டர் வரை கேட்கும் என்பார்கள். எட்டத்தில் இருக்கும் தன் கூட்டத்தாருக்கு 'நான் இங்கே இருக்கிறேன்', அடுத்த கூட்டத்தாருக்கு 'இது எங்கள் இடம்'. முக்கியமாக அதற்குத்தான் அந்தக் குரல். பக்கத்தில் நிற்பவர்களிடம் வேலை வாங்குவதற்காகக் கர்ஜிக்கும் சிங்கத்தை நான் கேள்விப்பட்டதில்லை. தான்சானியாவின் செரெங்கெட்டி காட்டில் ஆய்வாளர் கேரன் மெக்கோம்பும் சகாக்களும் முன்பின் தெரியாத பெண் சிங்கங்களின் கர்ஜனையை ஒலிபெருக்கியில் போட்டு, அதைக் கேட்ட பெண் சிங்கங்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். 1994-இல் அதை வெளியிட்டார்கள். ஒரு குரல் கேட்டால் துணிந்து கிளம்பியவை, மூன்று குரல் கேட்டால் யோசித்தன. தங்கள் பக்கம் எத்தனை பேர், எதிர்ப்பக்கம் எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்தே அடியெடுத்து வைத்தன. கர்ஜனையின் கம்பீரத்தில் யாரும் மயங்கியதாகத் தெரியவில்லை.

எனக்குப் பிடித்தது குரங்குக் கதை. கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் என்ற சிறிய குரங்குகள் உண்டு. சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று என்று தனித்தனியாக எச்சரிக்கை கொடுப்பவை. ராபர்ட் செய்ஃபார்த், டொரத்தி செனி, பீட்டர் மார்லர் மூவரும் இந்தக் குரல்களைப் பதிவு செய்து, எதிரியே இல்லாத நேரத்தில் மறைத்துவைத்த ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார்கள். 1980-இல் வந்த ஆய்வு அது. சிறுத்தைக் குரல் கேட்டதும் தரையில் இருந்தவை மரத்துக்கு ஓடின. கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்த்தன, அல்லது புதருக்குள் பாய்ந்தன. பாம்புக் குரலுக்குப் பின்னங்காலில் எழுந்து நின்று புல்லுக்குள் தேடின. பொதுவாக 'ஆபத்து, ஜாக்கிரதை' என்று மட்டும் ஒரு குரல் இருந்திருந்தால் பாதிக் குரங்குகள் தப்பான இடத்துக்கு ஓடியிருக்கும். சிறுத்தையிடமிருந்து காப்பாற்றுகிற மரம் கழுகிடமிருந்து காப்பாற்றாது. 'கொஞ்சம் கவனமா பாருங்க', 'சீக்கிரம் முடிங்க' என்று நாம் சொல்வதெல்லாம் அந்தப் பொதுக் குரல்தான். கேட்டவர் எந்தப் பக்கம் ஓடுவது?

குட்டிகளுக்கு இது பழகும்வரை ஏகப்பட்ட குளறுபடி. புறா பறந்தாலும் கழுகுக் குரல், சில சமயம் இலை உதிர்ந்து விழுந்தாலும் கழுகுக் குரல். பெரிய குரங்குகள் அண்ணாந்து பார்க்கும். ஒன்றுமில்லை என்றால் பழையபடி தங்கள் வேலைக்குப் போய்விடும். உண்மையிலேயே கழுகு என்றால் அவையும் சேர்ந்து குரல் கொடுக்கும்.

ஆனால் வளர்ந்த குரங்குக்கு அந்தச் சலுகை கிடையாது. செனியும் செய்ஃபார்த்தும் பிறகு செய்த சோதனை ஒன்று. வேற்றுக் கூட்டம் வருகிறது என்று சொல்லும் ஒரு குரங்கின் குரலை, எந்தக் கூட்டமும் வராதபோது திரும்பத் திரும்பப் போட்டார்கள். மற்றவை அதற்குத் திரும்பிப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டன. அதே குரங்கு அதே செய்தியை வேறு ஒலியில் சொன்னபோதும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. இன்னொரு குரங்கு சொன்னால் மட்டும் கவனித்தன. அதைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. ஒரு குரங்கின் பொய்யான சிறுத்தைக் குரலைக் கேட்டுச் சலித்த பிறகும், அதன் கழுகுக் குரலை அவை தள்ளவில்லை. யார் எந்த விஷயத்தில் நம்பத்தகாதவர் என்று தனித்தனியாகக் கணக்கு வைத்திருக்கின்றன!

உங்கள் பன்னிரண்டு பேரும் உங்களைப் பற்றி இப்படி ஒரு கணக்கு வைத்திருப்பார்கள், சந்தேகமே வேண்டாம். எல்லா மின்னஞ்சலிலும் 'அவசரம்' என்று போடுகிறவரா நீங்கள்? அவற்றில் எத்தனை உண்மையில் அவசரமாக இருந்தன என்று உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கணக்கு மாறாமல் நீங்கள் எந்த விலங்கின் குரலில் பேசினாலும் ஒன்றுதான்.

அப்புறம், நீங்கள் அவர்களோடு எப்போதெல்லாம் பேசுகிறீர்கள் என்றும் பாருங்கள். தென்னாப்பிரிக்கப் பகுதியின் கலகாரி பாலைவனத்தில் மீர்கட்டுகள், கீரி இனத்துச் சிறு விலங்குகள், தலையை மண்ணுக்குள் விட்டு இரை தோண்டும்போது ஒன்று மட்டும் உயரத்தில் ஏறிக் காவல் நிற்கும். ஆபத்து வந்தால் கத்தும், அது எல்லாருக்கும் தெரிந்தது. ஆபத்து இல்லாதபோதும் அது மெல்லிய குரலில் விட்டுவிட்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருக்கும் வரை மற்றவை அடிக்கடி நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்க்காமல் தோண்டுகின்றன. குறை சொல்ல மட்டுமே கூப்பிடுகிற மேலாளரின் பெயர் போனில் வந்தாலே கீழே இருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு காரணமும் இல்லாமல் 'சரியாகத்தான் போகிறது' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். முதல் தடவை சந்தேகப்படுவார்கள், பரவாயில்லை.

மகளின் கேள்விக்கு வருகிறேன். பொய் என்றால் நாம் சொல்கிற மாதிரி மனசறிந்து சொல்வதா என்பது வேறு விவாதம். ஆனால் ஏமாற்றுவதில் கெட்டிக்காரப் பறவை ஒன்று இருக்கிறது. அதே கலகாரியில் வாழும் கரிச்சான் வகை அது. மீர்கட்டுகள் இரையைத் தோண்டி எடுக்கும் நேரம் பார்த்து எச்சரிக்கைக் குரல் கொடுக்கும். அவை இரையைப் போட்டுவிட்டு ஓடும். இது இறங்கி வந்து எடுத்துக்கொள்ளும். ஆய்வாளர் டாம் ஃபிளவரும் சகாக்களும் 2014-இல் எழுதியபடி, அதன் உணவில் ஏறக்குறைய கால் பங்கு இப்படித் திருடியதுதான். ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஏமாறுபவை சுதாரித்துக்கொள்கின்றன. உடனே குரலை மாற்றி, வேறு பறவையின் எச்சரிக்கையையோ மீர்கட்டின் எச்சரிக்கையையோ மிமிக்ரி செய்து கொடுக்கும்.

அப்படியென்றால் மீர்கட்டுகள் ஏன் இன்னும் ஏமாறுகின்றன என்று மகள் அடுத்துக் கேட்பாள். கரிச்சான் உண்மையான எச்சரிக்கையும் கொடுக்கிறது. மேலே உட்கார்ந்திருப்பதால் பருந்து அதன் கண்ணில் முன்கூட்டியே பட்டுவிடும். மீர்கட்டுக்கு ஒரு புழு போனால் இன்னொன்றைத் தோண்டிக்கொள்ளலாம்.