வாசகர் கேள்வி – பதில்: கடிகாரம் ஏழு, கூட்டம் ஒன்று

இணையவழி இளையோர் கூட்டங்களை நடத்துகிறவர்களிடமிருந்து வந்த சில கடிதங்கள் ஒரே விஷயத்தைச் சுற்றி அமைந்திருப்பதால், இம்முறை அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சங்கத்தின் இளையோர் பிரிவு மாதம் ஒருமுறை ஜூம் வழியாகக் கூடுகிறது. டொராண்டோ, லண்டன், பாரிஸ், சூரிச், யாழ்ப்பாணம், சிங்கப்பூர், சிட்னி ஆகிய ஊர்களில் வாழும் 16 முதல் 24 வயதுள்ள பிள்ளைகள் இதில் உறுப்பினர்கள். லண்டன் நேரப்படி ஞாயிறு மாலை 6 மணிக்குக் கூட்டம் வைக்கிறோம். சிட்னிப் பிள்ளைகள் ஆர்வம் காட்டுவதே இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், லண்டன்

பதில்: ஆர்வத்தைக் குறை சொல்லும் முன் அவர்கள் ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துவிடுங்கள். பிப்ரவரி மாதத்தில் லண்டனில் ஞாயிறு மாலை 6 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் இரவு 11.30, சிங்கப்பூரில் திங்கள் அதிகாலை 2, சிட்னியில் திங்கள் காலை 5 மணி. பள்ளிக்கோ வேலைக்கோ போக வேண்டிய நாளின் விடியலில் எந்தப் பிள்ளை எழுந்து வந்து உட்காரும்?

உங்கள் ஏழு ஊர்களுக்கும் வசதியான ஒரே நேரம் கிடையாது. டொராண்டோவுக்கும் சிட்னிக்கும் இடையே அந்த மாதத்தில் 16 மணி நேர வித்தியாசம் இருக்கிறது. ஓரளவு எல்லோரும் தாங்கக்கூடிய நேரம் லண்டனின் நண்பகல் 12 மணி. அப்போது டொராண்டோவில் காலை 7, பாரிஸிலும் சூரிச்சிலும் பகல் 1, யாழ்ப்பாணத்தில் மாலை 5.30, சிங்கப்பூரில் இரவு 8, சிட்னியில் இரவு 11. இதைச் சனிக்கிழமையில் வைத்தால் சிட்னிக்காரர்களுக்கு மறுநாள் பள்ளி இல்லை என்ற ஆறுதலாவது மிஞ்சும். இதோடு இரண்டாவது நேரம் ஒன்றும் வேண்டும்: டொராண்டோவில் சனி இரவு 8 மணி, யாழ்ப்பாணத்தில் ஞாயிறு காலை 6.30, சிங்கப்பூரில் 9, சிட்னியில் நண்பகல். ஒரு மாதம் முதல் நேரம், மறுமாதம் இரண்டாவது நேரம் என மாற்றி மாற்றி நடத்துங்கள்.

இரண்டாவது கூட்டம் நடக்கும்போது லண்டனில் நள்ளிரவு தாண்டி 1 மணி. அந்த மாதம் நீங்கள் தூங்கப் போய்விட வேண்டும். கூட்டத்தைச் சிட்னியிலோ சிங்கப்பூரிலோ உள்ள ஒருவர் நடத்த வேண்டும். தொடங்கியவர்களுக்கு இதற்குத்தான் எளிதில் மனம் வருவதில்லை என்பது என் கணிப்பு. வராதவர்களுக்குக் காணொளிப் பதிவை அனுப்பினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஒன்றரை மணி நேரப் பதிவைப் பொறுமையாகப் பார்ப்பவர்கள் அரிது. ஒரு பக்கக் குறிப்பை அனுப்புங்கள். எந்த முடிவையும் இரு நேரக் கூட்டங்களிலும் பேசி முடித்த பிறகே உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: மார்ச் மாதக் கூட்டத்துக்குச் சிலர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து காத்திருந்தார்கள். அழைப்பிதழில் தவறு ஏதும் இல்லையே?
– வாசகி, சூரிச்

பதில்: கோடைகால நேர மாற்றத்தின் வேலை இது. கனடாவின் பெரும்பகுதியில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளுகிறார்கள். ஐரோப்பாவில் அது மார்ச் கடைசி ஞாயிறு. 2026ஐ எடுத்துக்கொண்டால் இவை முறையே 8, 29ஆம் தேதிகள். இடைப்பட்ட மூன்று வாரங்களில் டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் இடையே வழக்கமான 5 மணி நேரத்துக்குப் பதில் 4 மணி நேரமே வித்தியாசம். சிட்னியோ ஏப்ரல் முதல் ஞாயிறன்று எதிர்த்திசையில் கடிகாரத்தைப் பின்னே தள்ளுகிறது. அதே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் மாற்றமே கிடையாது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்தக் கூத்து இன்னொரு முறை நடக்கும்.

யாழ்ப்பாணமும் சிங்கப்பூரும் இவ்வாறு ஆண்டுதோறும் மாறுவதில்லை. (இலங்கையும் 1996இல் கடிகாரத்தை மாற்றி, 2006இல்தான் பழைய ஐந்தரை மணி நேரக் கணக்குக்குத் திரும்பியது என்பது உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும்.) ஆகவே யாழ்ப்பாண நேரத்தை அச்சாக வைத்து ஆண்டு அட்டவணையைப் போடுங்கள். அழைப்பில் ஒவ்வோர் ஊரின் நேரத்தையும் கிழமையோடு சேர்த்து எழுதுங்கள். "சனி இரவு 12 மணி" என்று மட்டும் எழுதாதீர்கள், அது எந்த நாளின் 12 என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து வேறுபடும்.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் தங்களுக்குள் பிரெஞ்சில் பேசுகிறார்கள். வீட்டுத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், எழுத்து தெரியாது. இளையோர் கூட்டத்திலோ முதல் ஐந்து நிமிடம் தமிழ், பிறகு முழுக்க ஆங்கிலம். எங்கள் பிள்ளைகள் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழில் மட்டுமே பேச வேண்டும் என்று விதி போட்டால் சரியாகுமா?
– வாசகி, பாரிஸ்

பதில்: அப்படி விதி போட்டால் மௌனம் பாரிஸிலிருந்து டொராண்டோவுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். பேசும் மொழியையும் கேட்கும் மொழியையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவது நல்லது: ஒவ்வொருவரும் தனக்கு வாகான மொழியில் பேசட்டும், தனக்குப் புரியும் மொழியில் கேட்கட்டும். யாருக்கு எது வாகு என்பதை ஊகிக்காமல், பதிவுப் படிவத்திலேயே "எந்த மொழியில் பேசுவீர்கள், எந்த மொழி கேட்டால் புரியும், எந்த எழுத்தைப் படிப்பீர்கள்" என்று மூன்று கேள்விகளாகக் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளின் விடை மூன்றுக்கும் வேறுவேறாக இருக்கும் என்பதை உங்கள் கடிதமே காட்டுகிறது.

தமிழில் பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் அம்மாவும் அம்மம்மாவும் பேசும் தமிழைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மேடைத் தமிழ் இன்னோர் அந்நிய மொழிதான். வரவேற்புரை என்ற பெயரில் செந்தமிழைப் பொழிந்துவிட்டு, பிள்ளைகளுக்குத் தமிழ் புரியவில்லை என்று வருந்துவது நியாயமில்லை. நெறியாளர் பேச்சுத் தமிழில், யாழ்ப்பாண வழக்கிலேயே, நடத்தட்டும். திரையில் காட்டுவதைத் தமிழ் எழுத்தில் மட்டும் காட்டாமல் பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கில வரிகளையும் கீழே சேருங்கள். அரட்டைப் பகுதியில் தமிழை ரோமன் எழுத்தில் தட்டுகிறவர்களைத் திருத்தாதீர்கள். திருத்தப்பட்ட பிள்ளை அடுத்த முறை எழுதத் தயங்கும்.

ஆங்கிலம் தெரிந்தவர்கள் வேகமாகப் பேசி இடத்தைப் பிடித்துக்கொள்வதைத் தடுக்க, கேள்வியை வைத்தவுடன் இரண்டு நிமிடம் எல்லோரும் அவரவர் மொழியில் எழுதட்டும், பிறகு பேசட்டும். சிறு குழுக்களாகப் பிரிக்கும்போது முதல் சுற்றில் ஒரே மொழிக்காரர்களைச் சேர்த்து, கருத்து திரண்ட பிறகு மொழிகளைக் கலந்து குழு அமையுங்கள்.

கேள்வி: இரு மொழி தெரிந்த பிள்ளைகளையே உடனுக்குடன் மொழிபெயர்க்கச் சொல்கிறோம். அரை மணிக்குள் களைத்துப்போகிறார்கள்.
– வாசகர், டொராண்டோ

பதில்: தொழிலாகச் செய்பவர்களே களைத்துப்போகிற வேலை அது. கேட்டுக்கொண்டே பேசும் மொழிபெயர்ப்பாளர்கள் இருவராக அமர்ந்து 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வது வழக்கம். 1945இல் நூரம்பர்க் நகரில் தொடங்கிய போர்க்குற்ற விசாரணையில் ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் என நான்கு மொழிகளில் இப்படி மொழிபெயர்த்தபோது, பேசுபவருக்கு முன்னால் விளக்குகள் வைத்திருந்தார்கள்: மஞ்சள் எரிந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். உங்கள் மொழிபெயர்ப்பாளர் கையில் ஒரு மஞ்சள் காகிதத்தைக் கொடுங்கள், அவர் அதைக் கேமராவுக்கு முன் உயர்த்தினால் பேசுபவர் நிதானிக்கட்டும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், வாக்கியம் முடியும்வரை ஆம், இல்லை என்பதுகூடத் தெரியாமல் மொழிபெயர்ப்பவர் காத்திருப்பார். தமிழில் பேசுபவர் சிறு வாக்கியங்களாகப் பேசுவது அவருக்குப் பெரும் உதவி. உரையின் சுருக்கத்தையும் பெயர்ப் பட்டியலையும் முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள்.

பிரெஞ்சும் ஜெர்மனும் சேர்ந்து தெரிந்தவர் உங்களிடம் இருக்க வாய்ப்பு குறைவு. பிரெஞ்சும் தமிழும், ஜெர்மனும் தமிழும் தெரிந்தவர்கள் கட்டாயம் இருப்பார்கள். ஆகவே பிரெஞ்சுப் பேச்சைத் தமிழுக்கும், அந்தத் தமிழிலிருந்து ஜெர்மனுக்கும் கொண்டுபோங்கள். ஐக்கிய நாடுகள் அவையிலும் ஒரு மொழியை நடுவில் வைத்துத் தொடராக மொழிபெயர்ப்பது உண்டு. உங்கள் கூட்டத்தில் அந்த நடு இடத்துக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழே இயல்பாகப் பொருந்துகிறது.

ஜூமின் கட்டணச் சந்தாவில் மொழிக்கென்று தனி ஒலித்தடங்கள் அமைக்கலாம். சந்தா இல்லையென்றால், ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு அழைப்பைத் திறந்து, இரண்டாவது கைபேசியில் கேட்கச் செய்யலாம். தானாக ஓடும் எழுத்து வரிகளை நம்பியே இருந்துவிடாதீர்கள். ஆங்கிலம் கலந்த பேச்சுத் தமிழில் அவை அடிக்கடி தடுமாறுகின்றன. இன்னொன்று: மொழிபெயர்க்கிற பிள்ளை தன் கருத்தைச் சொல்ல முடியாது. ஒரே பிள்ளையை ஒவ்வொரு மாதமும் அங்கே உட்கார வைக்காதீர்கள்.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. இந்தக் கூட்டங்களுக்கு அனுப்பலாமா? டேட்டாவும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அனுப்பலாம், மூன்றைக் கேட்டுவிட்டு: 18 வயதுக்கு உட்பட்டவர்கள் உள்ள ஒவ்வொரு குழுவிலும் பொறுப்பான பெரியவர் இருவர் இருக்கிறார்களா, தனிப்பட்ட அரட்டை அணைக்கப்பட்டிருக்கிறதா, பதிவு செய்வதற்குப் பெற்றோரின் அனுமதி கேட்கிறார்களா. டேட்டாவைப் பெருமளவு தின்பது காணொளிதான். கேமராவை அணைத்து, வரும் காட்சிகளையும் நிறுத்திவிட்டுக் குரலோடு மட்டும் கலந்துகொள்ளலாம். கேமராவைப் போட்டே ஆக வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் வற்புறுத்தினால், செலவை யார் ஏற்பது என்று நீங்கள் தயங்காமல் கேளுங்கள்.