ரத்தம் ஏறும்போது குளிர் நடுக்கம் வந்தால்: வார்டு சிஸ்டர்களின் கேள்விகள்

கேள்வி: ரத்தம் போட்டுப் பத்து நிமிஷத்தில் நோயாளி குளிருது என்கிறார். டாக்டர் வரும்வரை வேகத்தைக் குறைத்து வைக்கலாமா?

வேண்டாம், உடனே நிறுத்துங்கள். அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. வகை பொருந்தாத ரத்தம் எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு ஆபத்து. ஆனால் பதற்றத்தில் வென்ஃப்ளானை (கையில் குத்தியிருக்கும் டிரிப் ஊசிக் குழாயை) எடுத்துவிடாதீர்கள், பிபி விழுந்தபிறகு நரம்பு கிடைப்பது பெரும்பாடு. பழைய செட்டிலேயே சலைனை மாட்டினால் குழாயில் நிற்கும் ரத்தமும் சேர்ந்து போகும், அதனால் புது செட்டில் நார்மல் சலைன் போடுங்கள். டாக்டருக்கும் பிளட் பேங்குக்கும் சொல்லிவிட்டு, கைப்பட்டையையும் பையின் லேபிளையும் மறுபடி ஒப்பிடுங்கள். அப்புறம் பையைக் குப்பையில் போட்டுவிடாமல், செட்டோடும், மறு கையில் எடுத்த ரத்த மாதிரியோடும் பிளட் பேங்குக்கு அனுப்புங்கள். முதலில் வரும் சிறுநீரையும் பிடித்து வையுங்கள், அது சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: வெறும் காய்ச்சலா, பொருந்தாத ரத்தமா என்று எப்படிப் பிரிப்பது?

கட்டில் பக்கத்தில் நின்று உறுதியாகப் பிரிக்க முடியாது, அதை லேப்தான் சொல்லும். காய்ச்சல் 1 டிகிரி செல்சியஸ் ஏறினாலே நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஊசி போட்ட கையில் எரிச்சல், இடுப்பு வலி, நெஞ்சு இறுக்கம், "என்னமோ பண்ணுது சிஸ்டர்" என்ற பயம், இவற்றில் எதையும் அலட்சியப்படுத்தாதீர்கள். மயக்க மருந்தில் இருப்பவர் வாய் திறந்து சொல்ல முடியாது. பிபி இறங்குவதும், வெட்டிய இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருப்பதும், யூரின் பையில் நிறம் மாறுவதும்தான் அங்கே அடையாளம். தோலில் அரிப்பும் தடிப்பும் மட்டும் என்றாலும் நிறுத்துங்கள். மருந்துக்கு அடங்கினால் தொடரலாமா என்பதை டாக்டர் சொல்வார்.

கேள்வி: கிராஸ்மேட்ச் (ரத்தம் பொருந்துகிறதா என்ற லேப் சோதனை) பார்த்துத்தானே வருகிறது, பிறகு எப்படித் தவறுகிறது?

பெரும்பாலும் ஆள் மாறுவதால்தான். நான் வேலை பார்த்த ஒரு வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்தார்கள், பை தவறான கட்டில்வரை போய்விட்டது, கைப்பட்டை எண்ணைப் படித்த சிஸ்டர்தான் தடுத்தார். "நீங்கதானே முருகன்?" என்று கேட்காதீர்கள், அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் ஆமாம் என்பார். "உங்க பேர் என்ன?" என்று கேளுங்கள். இரண்டு பேர், தனித்தனியாக, நோயாளியின் பக்கத்திலேயே நின்று சரிபார்க்க வேண்டும். மாதிரி எடுக்கும்போதும் அப்படித்தான்: லேபிளை அங்கேயே எழுதுங்கள். அப்புறம் முதல் 15 நிமிஷம் மெதுவாக ஏறட்டும், நீங்கள் அங்கேயே இருங்கள்.

கேள்வி: ரத்தம் ஏறும் அதே லைனில் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் டிரிப்) ஓடலாமா?

கூடாது. டெக்ஸ்ட்ரோஸ் சிவப்பணுக்களை உடைக்கும், ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப்பில் உள்ள கால்சியம் ரத்தத்தை உறைய வைக்கும். நார்மல் சலைன் மட்டும்.