பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேனில் கியர் கோளாறு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

1967 முதல் 1979 வரை ஜெர்மனியில் தயாரான இரண்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் வேனில் இஞ்சின் பின்கோடியில் இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால் கியர் பாக்ஸ். ஓட்டுநரோ முன் சக்கரங்களுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கைக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே ஒரு நீண்ட ராடும், காலுக்கும் கிளட்சுக்கும் நடுவே ஒரு நீண்ட கேபிளும் வண்டியின் அடியில் ஓடுகின்றன. இம்முறை வந்த கேள்விகளில் பல, "கியர் பாக்ஸ் போய்விட்டதா?" என்றே முடிகின்றன. ராடையும் கேபிளையும் பார்த்து முடிக்காமல் அதற்கு யாரும் 'ஆம்' என்று சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: என்னுடையது 1974ஆம் ஆண்டு வண்டி, 1600 சிசி இஞ்சின். காலையில் எல்லா கியரும் நன்றாக விழுகின்றன. அரை மணி நேரம் ஓடி இஞ்சின் சூடான பிறகு முதல் கியரும் ரிவர்ஸும் கரகரவென்று சத்தமிடுகின்றன. கியர் பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் இஞ்சினை அணைத்துவிட்டு நான்கு கியர்களையும் ரிவர்ஸையும் போட்டுப் பாருங்கள். நின்ற நிலையில் எல்லாம் தடையில்லாமல் விழுந்து, இஞ்சின் ஓடும்போது மட்டும் தகராறு வந்தால், சந்தேகம் கிளட்ச் பக்கம் திரும்ப வேண்டும். அடுத்து, இஞ்சினைச் சூடாக்கி ஐட்லிங்கில் விட்டு, கிளட்சை முழுவதும் மிதித்து, மூன்று நான்கு நொடி பொறுத்து, மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸ் கியருக்கு சிங்க்ரோ (பற்கள் சேரும் முன் வேகத்தைச் சமன்செய்யும் வளைய அமைப்பு) கிடையாது. ஆகவே, உள்ளே போகும் ஷாஃப்ட் நின்றுவிட்டதா, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்பதை அது மறைக்காமல் சொல்லிவிடும். அத்தனை நொடி பொறுத்தும் கரகரத்தால், கிளட்ச் முழுவதாக விடவில்லை, அதாவது இஞ்சினையும் கியர் பாக்ஸையும் முழுதும் பிரிக்கவில்லை என்று பொருள்.

காரணத்தைத் தேடும்போது செலவு குறைந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். வண்டியைச் சரியான ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே அடியில் போக வேண்டும். கியர் பாக்ஸின் இடப்பக்கம் உள்ள கிளட்ச் லிவரில், கேபிளின் மரை முனையைப் பிடித்திருக்கும் இறக்கை நட்டைக் காண்பீர்கள். பெடலின் தலையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரம்) இருக்கும்படி அதைத் திருக வேண்டும். பிளே அதிகமானால் கிளட்ச் விடாது. பிளேயே இல்லாமல் இறுக்கினால், கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் ஓயாமல் அழுந்தி, ஏற்றத்தில் கிளட்ச் நழுவத் தொடங்கும். வாராவாரம் இந்த நட்டை இறுக்க வேண்டியிருக்கிறது என்றால், கேபிளின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கலாம். இரு முனைகளையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் புதுக் கேபிள் போட்டுவிடுங்கள். கேபிள் கியர் பாக்ஸை அடையும் இடத்தில் வளைந்து தொங்கும் உறைக் குழாய்க்கும் ஓர் அளவு உண்டு: 25 முதல் 45 மில்லிமீட்டர் வரை தொய்வு இருக்க வேண்டும். தொய்வு தவறினால் வண்டி கிளம்பும்போது உதறும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சூட்டில் மட்டும் கரகரப்பு தொடர்ந்தால், என் சந்தேகம் பைலட் பேரிங் மீதுதான். 1600 சிசி இஞ்சினில் ஃப்ளைவீலை (இஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரத்தை) பிடித்திருக்கும் பெரிய நட்டின் நடுவே இந்த ஊசி பேரிங் இருக்கிறது. கியர் பாக்ஸ் ஷாஃப்டின் நுனி அதற்குள் உட்காருகிறது. கிரீஸ் காய்ந்து பேரிங் இறுகிவிட்டால், நீங்கள் கிளட்சை எவ்வளவு மிதித்தாலும் ஃப்ளைவீல் அந்த ஷாஃப்டையும் தன்னுடன் சேர்த்து இழுத்துச் சுற்றும். இதை மாற்ற இஞ்சினை இறக்க வேண்டும் என்றாலும், கியர் பாக்ஸைப் பிரிக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. இறக்கும்போதே கிளட்ச் பிளேட் வளைந்திருக்கிறதா, அதன் பல்வரிசை ஷாஃப்டில் தாராளமாக நகர்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 1971 மாடல். கியர் லிவர் குழம்புச் சட்டியில் கரண்டி போல எல்லாப் பக்கமும் ஆடுகிறது. இரண்டாவது கியரைத் தேடும்போது சில சமயம் ரிவர்ஸ் பக்கம் போய்விடுகிறது. ஆபத்தில்லையா?

பதில்: ஆபத்துதான், ஓடும் வண்டியில் ரிவர்ஸ் பற்களைத் தொடுவது கியர் பாக்ஸைக் கெடுத்துவிடும். உடனே பார்த்துவிடுங்கள். உங்கள் வண்டியில் தேய்ந்திருப்பது பெரும்பாலும் லிவர் முதல் கியர் பாக்ஸ் வரையிலான இணைப்புதான். இஞ்சினை அணைத்துவிட்டு, உதவிக்கு ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி லிவரை ஆட்டச் சொல்லி, நீங்கள் அடியிலிருந்து ராடைக் கவனியுங்கள். கியர் பாக்ஸ் அசையாமல் ராடு மட்டும் மேலும் கீழும் துள்ளினால், அதைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ் பொடிந்துவிட்டது. அந்த இடத்தில் விரலை வைத்தால் பழுப்புத் துணுக்குகளும் காய்ந்த கிரீஸும் ஒட்டிக்கொண்டு வரும். பின்முனையில் ராடைக் கியர் பாக்ஸோடு இணைக்கும் கப்ளிங்கின் ரப்பரையும் அதே பார்வையில் சோதித்துவிடலாம்.

ரிவர்ஸ் பக்கம் வழுக்குவதற்குத் தனிக் காரணம் உண்டு. இந்த வேனில் ரிவர்ஸ் போட, லிவரைக் கீழே அழுத்தி இடப்பக்கம் தள்ளிப் பின்னால் இழுக்க வேண்டும். அழுத்தாமல் அங்கே போக விடாதது லிவரின் அடியில் உள்ள தடுப்புத் தகடு. அதன் விளிம்பு தேய்ந்தாலோ, தகட்டைத் திருப்பிப் பொருத்திவிட்டாலோ அந்தக் காவல் போய்விடும். புஷ், கப்ளிங், தகடு ஆகிய மூன்றையும் சரிசெய்த பிறகுதான் லிவரை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். தேய்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு அட்ஜஸ்ட் செய்தால் அது நிற்காது. லிவரின் அடித்தட்டின் போல்ட்டுகளைத் தளர்த்துவதற்கு முன்னால், இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் கோடிட்டுக்கொள்ளுங்கள்; பிறகு மில்லிமீட்டர் கணக்கில் மட்டுமே நகர்த்துங்கள்.

கேள்வி: மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தபோது லிவர் திடீரென்று லேசாகிவிட்டது. இப்போது எப்படி ஆட்டினாலும் வண்டி மூன்றாவதிலேயே இருக்கிறது.

பதில்: கப்ளிங்கில் உள்ள சதுரத் தலை ஸ்க்ரூ கழன்றிருக்க வேண்டும். அதன் நுனி சரியான குழியில் அமரும்படி இறுக்கி, தலையில் உள்ள துளை வழியே பூட்டுக் கம்பி கட்டுங்கள். கம்பி கட்டாமல் விட்டால் மீண்டும் கழலும்.

கேள்வி: இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நான்காவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. லிவரைக் கையால் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறேன்.

பதில்: பிடித்துக்கொண்டு ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள்; கையின் அழுத்தம், உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்கை நேராகத் தேய்க்கும். காலை வைத்து எடுக்கும்போதெல்லாம் லிவர் முன்னும் பின்னும் அசைந்தால், கியர் பாக்ஸையும் இஞ்சினையும் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் கிழிந்து, முழுத் தொகுதியும் நகர்கிறது என்று அர்த்தம். லிவர் அட்ஜஸ்ட்மென்ட் தவறி, கியர் முழு ஆழத்துக்கு விழாமல் இருந்தாலும் இதே குறைதான் தெரியும். மவுண்டும் அட்ஜஸ்ட்மென்டும் சரியாக இருந்தும் கழன்றால், மூன்று-நான்கு கியர்களுக்கான ஹப், ஃபோர்க், பூட்டு ஸ்பிரிங் ஆகியவற்றில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது. அப்போது கியர் பாக்ஸைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: மற்ற கியர்கள் நன்றாக இருக்கின்றன. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும்போது மட்டும் உரசல் சத்தம். ஆயில் மாற்றினால் போகுமா? எந்த ஆயில்?

பதில்: இரண்டாவது கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருப்பதன் அடையாளம் இது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தி, மீண்டும் கிளட்சை மிதித்து இரண்டாவதைப் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. இந்தப் பழக்கத்தோடு அந்த கியர் பாக்ஸ் இன்னும் நெடுநாள் உழைக்கும்.

ஆயில் தேய்ந்த வளையத்தை வளர்க்காது. ஆனால் தவறான ஆயில் நல்ல வளையத்தையும் சரியாக வேலை செய்ய விடாது. ஜிஎல்-4 தரத்தில் (ஜிஎல் என்பது கியர் ஆயிலின் தர வகை) 80டபிள்யூ-90 என்ற கெட்டித்தன்மை உள்ள ஆயிலைப் போடுங்கள். ஜிஎல்-5 புதியது, உயர்ந்தது என்று கடையில் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அதன் வழுக்கும் தன்மையில் சிங்க்ரோ பிடிப்பை இழக்கும். அவ்வகை ஆயில்கள் சிலவற்றின் சேர்மங்கள் பித்தளையையும் அரிக்கக் கூடும். இந்த கியர் பாக்ஸுக்கு ஏறத்தாழ 3.5 லிட்டர் தேவைப்படும். ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை நிற்க வேண்டும். 17 மில்லிமீட்டர் ஆலன் கீயால் முதலில் ஊற்றும் துளையின் மூடியைத் திறந்து பாருங்கள். அது திறக்காத வண்டியில் ஆயிலை வடித்துவிட்டால், திரும்ப ஊற்ற வழியில்லாமல் நிற்பீர்கள்.

கேள்வி: எங்களுடையது 1985ஆம் ஆண்டு மூன்றாம் தலைமுறை வேன். கியர் விழாதபோது கிளட்ச் பெடலை இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால் விழுகிறது. கேபிளை எங்கே இறுக்குவது?

பதில்: உங்கள் வண்டியில் கேபிள் இல்லை, கிளட்ச் ஹைட்ராலிக் முறையில் இயங்குகிறது. அடித்து மிதித்தால் சரியாகிறது என்றால், குழாயில் காற்று புகுந்திருக்கிறது அல்லது பெடலின் அழுத்தத்தை ஃப்ளூயிடுக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கிறது. பெடலுக்கு மேலேயும், கியர் பாக்ஸின் மேல் கிளட்ச் லிவரைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரைச் சுற்றியும் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். டாஷ்போர்டில் மீட்டர்களுக்குப் பின்னால் உள்ள டப்பாவிலிருந்துதான் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் சேர்த்து ஃப்ளூயிட் போகிறது. அதில் அளவு குறைந்திருந்தால் விஷயம் கியரோடு நிற்கவில்லை. கசிவு எங்கே என்று தெரியும் வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.