எலி கடித்த ஆக்ஸிஜன் சென்சார் ஒயரை ஒட்டினால் போதுமா, சென்சாரையே மாற்ற வேண்டுமா?

எக்ஸாஸ்ட் குழாயில் மாட்டியிருந்து, புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளப்பதுதான் இந்தச் சென்சார். அதன் ஒயர் மட்டும்தான் போயிருக்கிறது என்றால் ஒட்டினால் போதும். ஆனால் முறுக்கி டேப் சுற்றுவதை ஒட்டு என்று நினைக்காதீர்கள். அப்படி நினைத்து ஏமாந்தவன் நான்.

எங்கள் வீடு தருமபுரியில், பாலக்கோடு போகிற பக்கம். பக்கத்து வீட்டில் தை மாசம் கேழ்வரகு மூட்டை, பங்குனியில் புளி என்று ஏதாவது அடுக்கியிருக்கும். எலிக்குப் பஞ்சமில்லை. சேலம் போய்த் திரும்பும்போது தொப்பூர் மேட்டில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் வந்த கோளாறு எண் பி0135, அதாவது கேட்டலிஸ்டுக்கு (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) முன்னால் இருக்கும் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு. ஒர்க்‌ஷாப்பில் அதைப் பார்த்ததுமே "சென்சார் மாத்திடலாம் சார்" என்றார்கள். அந்த எண் சர்க்யூட்டைத்தான் சொல்கிறது. ஹீட்டர், ஒயர், பியூஸ், எது போனாலும் அதுவே வரலாம்.

பென்னாகரம் ரோட்டில் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். வண்டி ஆறியதும் கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் இருந்த இரண்டு ஒயருக்கும் மல்டிமீட்டர் வைத்தார். 6 ஓம் சொச்சம். "ஹீட்டரு உசுரோடதான் இருக்கு தம்பி, ஒயரப் பாரு" என்றார். நாலு ஒயர் சென்சாரில் ஒரே நிற ஜோடிதான் ஹீட்டர். மற்ற இரண்டில் ஒன்று சிக்னல், ஒன்று கிரவுண்ட். நிறத்தின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியில் ஜோடி வெள்ளையாகவும் சிக்னல் கறுப்பாகவும் இருக்கும். இன்னொன்றில் ஜோடியே கறுப்பு, சிக்னல் நீலம்.

அடுத்து வண்டிப் பக்கக் கனெக்டர். சாவி போட்டால் ஹீட்டர் பின் ஒன்றில் 12 வோல்ட் வர வேண்டும் (சில வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் வரும்). எனக்கு வரவில்லை, பியூஸ் நன்றாகவே இருந்தது. கறுப்பு நெளிகுழாயைப் பிரித்தால் உள்ளே ஒரு ஒயர் இரண்டு துண்டு, நுனிச் செம்பில் பச்சை பூத்திருக்கிறது. பக்கத்து ஒயரில் பல் பட்டுத் தோல் மட்டும் உரிந்திருந்தது.

"இவ்வளவுதானே" என்று அன்று சாயங்காலம் நானே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினேன். மூன்றே வாரத்தில் மறுபடி விளக்கு. எக்ஸாஸ்ட் சூட்டில் டேப் பசை உருகி வழிந்து, முறுக்கு தளர்ந்திருந்தது. அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

அவர் செய்தது இதுதான். பேட்டரி நெகட்டிவைக் கழற்றினார். பச்சை போய்ச் செம்பு பளபளக்கும்வரை ஒயரை வெட்டினார். அதே தடிமனில் துண்டு ஒயர் சேர்த்து, கிரிம்ப் கனெக்டர் போட்டு, சரியான பிளையரால் அழுத்தி, இழுத்துப் பார்த்தார். மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க், அதாவது சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய். உரிந்த ஒயரிலும் ஒட்டு போட்டார், ஆனால் இரண்டு ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் தள்ளித் தள்ளி. கடைசியாக எக்ஸாஸ்டில் படாதபடி பழைய கிளிப்பிலேயே மாட்டினார்.

சால்டர் வைக்கலாமா என்று கேட்பீர்கள். சென்சாரிலிருந்து வரும் ஒயரில் வேண்டவே வேண்டாம். சென்சார் புகையில் உள்ள ஆக்ஸிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் வேலை செய்கிறது. பல சென்சார்களில் அந்த வெளிக்காற்று ஒயர் இழைகளுக்கு நடுவே உள்ள இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. ஈயமும் ஃபிளக்ஸும் அதை அடைத்துவிடும். கனெக்டருக்குள் கிரீஸ் அடிப்பதும், கிளீனர் ஸ்ப்ரே அடிப்பதும் இதே காரணத்துக்காகத் தப்பு.

ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்து, வண்டியை ஓட்டியபின் ஸ்கேனரில் சிக்னலைப் பாருங்கள். சாதாரண ஜிர்கோனியா சென்சார் என்றால் சூடானதும் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அது வேலை செய்ய 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சீக்கிரம் அங்கே கொண்டுபோவதுதான் ஹீட்டரின் வேலை. பஸ் ஸ்டாண்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே ஓடும் என் வண்டியில் மைலேஜ் குறைந்ததும் ஹீட்டர் வேலை செய்யாததால்தான்.

ஹீட்டரில் ரீடிங்கே வராவிட்டாலோ, எலி சென்சார் கழுத்தை ஒட்டிக் கடித்து ஒட்டுப்போட நீளமே இல்லாவிட்டாலோ சென்சாரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

எலிக்கு என்ன செய்தேன் என்றால், பானெட்டுக்குள் நாப்தலின் உருண்டை கட்டித் தொங்கவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கட்டிய நூல் மட்டும் இருந்தது.