கேள்வி-பதில்: லேபிள் இல்லாத நீலப் புட்டி

கேள்வி: இரண்டடித் தொட்டியும் 12 கோல்டு ஃபிஷ்களும் ஒரே நாளில் வாங்கினோம். ஆறாம் நாள் முதல் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. நான்கு இறந்துவிட்டன. கடையில் கொடுத்த மருந்தும் பயன்படவில்லை. (சத்துவாச்சாரி)

பதில்: நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது நோயாகத் தெரியவில்லை, தண்ணீரில் நஞ்சு ஏறியிருக்கிறது. மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும் என்பதை விற்றவர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அந்தத் தொட்டிக்கு இரண்டு கோல்டு ஃபிஷ்களே அதிகம். பன்னிரண்டை வாங்கத் துணிந்தது எப்படி? மருந்தையும் இரண்டு நாள் தீனியையும் நிறுத்திவிட்டு, இன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். குழாயில் வரும் காவிரி நீரில் குளோரின் இருக்குமாதலால், ஆன்டி குளோரின் கலக்காமல் ஊற்ற வேண்டாம். அடுத்த செலவு மருந்துக்காக இருக்க வேண்டாம். அம்மோனியா பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்குங்கள்.

கேள்வி: கண்ணாடி மீனின் முதுகில் இருந்த பச்சைக் கோடு இரண்டு மாதத்தில் மங்கிவிட்டது. என்ன நோய்? (ராணிப்பேட்டை)

பதில்: நோயல்ல, ஊசியால் ஏற்றிய சாயம் கரைகிறது, இனி அப்படிப்பட்ட மீனை வாங்காதீர்கள்.

கேள்வி: மோலிகளின் உடலில் ரவை தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள். மூன்று நாள் மருந்து விட்டதும் மறைந்தன. ஒரு வாரத்தில் இரு மடங்காக வந்துவிட்டன. மருந்து போலியா? (குடியாத்தம்)

பதில்: மருந்தைக் குறை சொல்வதற்கு முன் நாட்களை எண்ணியிருக்க வேண்டும். புள்ளியாகத் தெரிவது தோலுக்கு அடியில் இருக்கும் ஒட்டுண்ணி. அங்கே இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. முற்றியதும் உதிர்ந்து, அடிமணலில் நூற்றுக்கணக்காகப் பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்தும் ஓரிரு நாளில்தான் அதைக் கொல்ல முடியும். அது உதிர்ந்த வேளையில் நீங்கள் கையை எடுத்துவிட்டீர்கள். லேபிளில் சொன்ன அளவில், கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது தொடருங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் அது மருந்தை உறிஞ்சிவிடும், எடுத்து வையுங்கள். தண்ணீரை மெல்ல 28 முதல் 30 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஒட்டுண்ணியின் சுற்று விரைவில் முடியும். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப்பை நிறுத்தாதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இதற்கு ஹீட்டரே வேண்டாம். மார்கழி, தை இரவுகளுக்குத்தான் வேண்டும். அப்படி ஒரு தை மாதத்தில் மலிவுக்கு ஆசைப்பட்டு நான் வாங்கிய ஹீட்டரின் தெர்மோஸ்டாட் நிற்காமல் ஓடியதில், விடியும்போது 11 நியான் டெட்ராக்கள் வெந்து மிதந்தன. பில்லும் வாங்கியிருக்கவில்லை.

கேள்வி: கப்பிகளின் வால் அரித்துக்கொண்டு போனது. லேபிள் இல்லாத சிறு புட்டியில் நீலத் திரவம் கொடுத்து, "அஞ்சு சொட்டு விடுங்க" என்றார்கள். விட்டேன். மறுநாள் எல்லாம் இறந்தன. கேட்டால் உயிருள்ளவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்கிறார்கள். பில் தரவில்லை. (ஆற்காடு)

பதில்: அம்மா, உங்கள் மீது தவறில்லை. இந்த லேபிள் இல்லாத புட்டியைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாகக் காத்திருந்தேன். உள்ளே இருப்பது மெத்திலின் நீலமா, மாலகைட் பச்சையா, இரண்டும் கலந்ததா, எத்தனை சதவீதக் கரைசல் என்று தெரியாதபோது ஐந்து சொட்டு என்பதற்குப் பொருளே கிடையாது. 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரமுள்ள தொட்டியில் 54 லிட்டர் பிடிக்கும். கல்லும் மணலும் போக 45 லிட்டர் இருக்கலாம். அந்தக் கணக்கைக் கேட்காமல் மருந்து கொடுப்பவர் மருத்துவமும் செய்யவில்லை, வியாபாரமும் செய்யவில்லை. மெத்திலின் நீலம் ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் கொல்லக்கூடியது. மாலகைட் பச்சையோ மனிதரே கையுறை போட்டுத் தொட வேண்டிய பொருள். அதைத் தேன் புட்டியில் ஊற்றி, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள்! உயிருள்ளவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்ற பேச்சு மீனுக்குப் பொருந்தலாம்; உங்கள் புகார் புட்டியைப் பற்றியது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் கொடுக்காமல் விற்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அந்த வகையில்தான் சேரும். புட்டியைக் கொட்டிவிடாமல் மூடி வையுங்கள்; கைப்பேசியில் பணம் செலுத்திய பதிவையும் இறந்த மீன்களின் படத்தையும் சேர்த்துக்கொண்டு, முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் சொல்லுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பைத்தான் வாங்க வேண்டுமா? (காட்பாடி)

பதில்: வேண்டாம், எதுவும் சேர்க்காத கல் உப்பு போதும், லிட்டருக்கு 1 முதல் 3 கிராம், கரைத்துவிட்டு, சிறிது சிறிதாக. தொட்டியில் செடி இருந்தால் நோயுற்ற மீனை வேறு பக்கெட்டுக்கு மாற்றிவிட்டுச் செய்யுங்கள்.